பெரிய காந்தம் இருந்தால் பேஸ் கூடுமா?

கேள்வி, 04.06.2023

12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று புதிதாக வாங்கினேன். காந்தமே தோசைக்கல் மாதிரி. பழைய ஸ்பீக்கரின் காந்தம் இதில் பாதியும் வராது. ஆனால் பழையதைக் கழற்றிவிட்டு அதே மூடின பொக்ஸில் இதைப் போட்டதும் பேஸ் குறைந்துவிட்டது. பாடுகிறவரின் குரல்தான் முன்னுக்கு வருகிறது. காந்தம் பெரிதென்றால் பேஸும் பெரிதாக வரும் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். ஏமாந்துவிட்டேனா? திருகோணமலை உப்புவெளியிலிருந்து கேட்கிறேன்.

04.06.2023, இரவு

ஏமாறவில்லை தம்பி. காந்தம் உண்மையிலேயே பலமானது. பேஸ் குறைந்ததற்குக் காரணமே அந்தப் பலம்தான்.

ஸ்பீக்கரின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிவது வளையக் காந்தம். வேலை நடக்கும் இடம் அது இல்லை. நடுவில் ஒரு இரும்புத் தண்டு நிற்கிறது, அதைச் சுற்றி மேல்தட்டு, இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளைய இடுக்கு. வொயிஸ் கொயில், அதாவது கோன் என்ற கூம்போடு ஒட்டிய கம்பிச் சுருள், தொங்குவது அந்த இடுக்கில்தான். அவ்வளவு பெரிய காந்தமும் அந்த ஒடுங்கிய இடத்தைக் காந்தப்புலத்தால் நிரப்பத்தான் பாடுபடுகிறது. இடுக்கிலுள்ள புலம், அந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம், கம்பியில் ஓடும் கரண்ட், இந்த மூன்றையும் பெருக்கினால் கோனைத் தள்ளும் விசை வரும்.

புலம் கூடினால் அதே கரண்டுக்குத் தள்ளு கூடும். ஆகவே குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் முன்னுக்கு வரும். ஆனால் கொயில் அசையும்போது சைக்கிள் டைனமோ மாதிரி தானும் மின்சாரம் பிறப்பிக்கிறது. அது அம்ப்ளிபயரிலிருந்து வரும் கரண்டை எதிர்த்து நிற்கும். புலம் பலமாக இருந்தால் இந்தத் தடையும் பலம். ஒவ்வொரு கோனுக்கும் தானாக ஆடத் தோதான ஒரு தாழ்ந்த அதிர்வெண் உண்டு. கோன் ஆகக்கூடிய வேகத்தில் ஆட நினைப்பது அங்கேதான், அதனால் பிரேக் அதிகம் விழுவதும் அங்கேதான். நடுச்சத்தம் ஏறுகிறது, அந்த ஓர் இடத்தில் பேஸ் இறங்குகிறது. உங்கள் காது கேட்டது சரி.

நம்பிக்கை இல்லாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். ஸ்பீக்கரைப் பொக்ஸிலிருந்து எடுத்து மேசையில் மல்லாத்தி வையுங்கள். கோனின் நடுவைச் சுற்றி நாலு விரலால் சமமாக, மெதுவாக அமத்தி விடுங்கள். லேசாகப் போய் வரும். இப்போது ஸ்பீக்கரில் வயர் பூட்டும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் தொடுத்துவிட்டு அதேபோல அமத்துங்கள். கோன் பிடித்துக்கொள்ளும். வயரை எடுத்தால் விட்டுவிடும். கையில் படுகிற அந்தப் பிடிதான் காந்தத்தின் பலம். நான் கடைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனால் காந்தத்தின் எடையைப் பார்ப்பதில்லை, பையில் ஒரு துண்டு வயர் கொண்டுபோகிறேன்.

05.06.2023

நேற்று எழுதாமல் விட்டது பொக்ஸ். ஒரு ஸ்பீக்கரும் ஒரு பொக்ஸும் சேருமா சேராதா என்று கணக்காகச் சொல்ல வழி காட்டியவர்கள் அவுஸ்திரேலியாவின் நெவில் தீலும் அங்கே ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மோலும். தீலின் கட்டுரை 1961இல் வந்தது, ஸ்மோலினது 1970களில். ஸ்பீக்கரோடு வரும் விவரத் தாளில் ‘மொத்தக் கியூ’ என்று ஓர் எண் இருக்கும். கோன் எவ்வளவு பிரேக் இல்லாமல் ஆடும் என்பதைக் காட்டும் எண் அது. காந்தம் பலமானால் அந்த எண் சின்னதாகும். 0.3 அளவில் இருக்கும் ஸ்பீக்கர், காற்றுப் போய்வரக் குழாய் வைத்த பொக்ஸைக் கேட்கும். பெரிய மூடின பொக்ஸில் போட்டால் பேஸ் நேரத்தோடே சரிந்துவிடும். உங்கள் பழைய ஸ்பீக்கரின் எண் பெரிதாக இருந்திருக்கும், அதனால் அந்தப் பொக்ஸில் பொருந்தியது.

புதியதோடு வந்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். தாள் இல்லாவிட்டால் ஸ்பீக்கரையே என் திருத்தும் கடைக்குக் கொண்டுவாருங்கள், அளந்து பார்ப்போம்.

05.06.2023, கொஞ்சம் கழித்து

ஒரு ரெசிஸ்டரை ஸ்பீக்கரோடு தொடராகப் போட்டால் கியூ ஏறிப் பேஸ் திரும்பும் என்று எழுத வந்தேன். உண்மைதான், ஏறும். ஆனால் நல்ல காந்தத்துக்குக் காசு கொடுத்து வாங்கின தள்ளை ரெசிஸ்டரில் சூடாக எரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பொக்ஸை மாற்றுவோம்.

09.06.2023

காந்தத்தின் அளவைக் காட்டி விற்பது பற்றிக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். போன மாதம் ஒரு கார் ஸ்பீக்கர் திருத்த வந்தது. பின்பக்கம் பருத்த கறுப்பு ரப்பர் உறை. உரித்தால் உள்ளே காந்தம் உறையின் பாதி அகலம்தான். மிச்சம் காற்று.

இன்னொரு வழி, பின்தட்டில் இரண்டாவது ஒரு காந்தத்தை ஒட்டிவிடுவது. முதல் காந்தத்தை எதிர்த்துத் தள்ளும் பக்கமாக ஒட்டினால் வெளியே சிந்துகிற புலம் உள்ளே திரும்பி இடுக்குக்குக் கொஞ்சம் சேரும். கொஞ்சம்தான். காந்தம் இரண்டென்பதால் பலமும் இரண்டு மடங்காகாது. இரும்புக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. 2 டெஸ்லாவை நெருங்கும்போது தண்டும் தட்டும் நிரம்பிவிடும். அதற்கு மேல் எவ்வளவு காந்தம் வைத்தாலும் புலம் பக்கத்தால் வழியுமே தவிர இடுக்குக்குள் ஏறாது. சாதாரண ஸ்பீக்கர்கள் 1 டெஸ்லாவை ஒட்டி ஓடுகின்றன. தண்டின் தடிப்பும், தட்டின் தடிப்பும், இடுக்கு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதும் காந்தத்தின் குறுக்களவைவிட முக்கியம். அவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் யாரும் காட்டி விற்பதில்லை.

10.06.2023

கிண்ணியாவில் சவுண்ட் வாடகைக்கு விடும் நானா ஒருவர் நேற்றைய பதிவைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார். “அப்ப நியோடைமியம்? உள்ளங்கைக்குள் அடங்குதே, அது எப்படி?” என்றார்.

அது வேறு சாதி நானா. கறுப்பு வளையம் பெரைட், அதாவது இரும்பு ஒக்சைட்டோடு ஸ்ட்ரொன்டியமோ பேரியமோ சேர்த்துச் சுட்ட மண்பாண்டம். நியோடைமியம், இரும்பு, போரோன் மூன்றும் சேர்ந்தது மற்றது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸில் ஜோன் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒரே பருமனுக்குப் பெரைட்டைவிடப் பல மடங்கு சக்தி. லொறியில் ஏற்றி இறக்கும் உங்கள் பொடியன்களின் முதுகுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் இடுக்கில் 1 டெஸ்லா இருந்தால், அதைப் பெரைட் தந்ததா நியோடைமியம் தந்ததா என்று கொயிலுக்குத் தெரியாது.

17.06.2023

இன்றைக்கு எழுதுவது என் மாமாவின் ரேடியோ பற்றி. இதைப் பல வருடம் யாருக்கும் சொல்லவில்லை.

பழைய வால்வு ரேடியோ. ஸ்பீக்கரின் பின்னால் பெரைட் வளையம் இல்லை. ஒரு இரும்புச் சட்டத்துக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு உலோகக் கட்டி. அது அல்னிக்கோ: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு. எனக்கு அப்போது இருபது வயது. இடுக்குக்குள் துரு விழுந்து கொயில் உரசியது. சுத்தம் செய்யலாம் என்று சட்டத்தைப் பிரித்துக் காந்தக் கட்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். உரசல் போய்விட்டது. ஆனால் சத்தமும் பாதியாகிவிட்டது. பேஸ் மட்டும் தொம் தொம்மென்று, குடத்துக்குள் பேசுவது போல.

என்ன நடந்தது என்று நாலைந்து வருடம் கழித்துத்தான் படித்தேன். அல்னிக்கோவில் நிறையப் புலம் உண்டு, ஆனால் அதைப் பிடித்துவைக்கும் வல்லமை குறைவு. சுற்றிலும் இரும்பு இருக்கும்வரை புலம் ஒரு வட்டமாக ஓடி நிலைக்கும். இரும்பைப் பிரித்த கணத்தில் காந்தம் தன்னைத்தானே எதிர்க்கத் தொடங்கி, ஒரு பங்கை இழந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் போனது வராது. அதனால்தான் தொழிற்சாலையில் எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கடைசியாகக் காந்தம் ஏற்றுகிறார்கள்.

புலம் குறைந்ததும் தள்ளு குறைந்தது, பிரேக்கும் குறைந்தது. அதுதான் அந்தத் தொம் தொம். உப்புவெளித் தம்பிக்கு நடந்ததைத் தலைகீழாக்கினால் இதுதான். பக்கத்து வீட்டு அண்ணை ஒருவர் அப்போது “பேஸ் நல்லா வந்திருக்கே” என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. செய்தி நேரத்தில் காதை ரேடியோவோடு வைத்துக் கேட்கத் தொடங்கினார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

18.06.2023

நேற்றையதைப் படித்த ஒருவர் அல்னிக்கோ சத்தம் இனிமை, பெரைட் சத்தம் வறட்சி என்கிறார். கேட்டதை மறுக்க மாட்டேன். கொயிலில் கரண்ட் ஏறி இறங்கும்போது அதுவும் ஒரு மின்காந்தமாகி, இடுக்கின் புலத்தை ஆட்டுகிறது. எவ்வளவு ஆடும் என்பது காந்தம், இரும்பு, வடிவம் எல்லாவற்றையும் பொறுத்தது. அல்னிக்கோ மின்சாரத்தைக் கடத்தும் உலோகம், பெரைட் கடத்தாது, ஆகவே இரண்டும் ஒரே மாதிரி ஆட வேண்டியதில்லை. நல்ல பெரைட் ஸ்பீக்கர்களில் தண்டுக்கு ஒரு செம்புத் தொப்பியோ அலுமினிய வளையமோ போடுவார்கள். ஆட்டத்தை அந்த வளையத்தில் சுற்றும் கரண்ட் அடக்கிவிடும். வளையம் போட்ட பெரைட்டைக் கேட்டுவிட்டு வறட்சி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அல்னிக்கோவை உலகம் விட்டதற்குக் காரணம் காது இல்லை, விலை. கோபால்ட் பெரும்பாலும் வந்தது சயீரிலிருந்து, இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு. 1978இல் அங்கே ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டதும் விலை எகிறியது. கம்பனிகள் பெரைட்டுக்கு ஓடின. 2010, 2011இல் சீனா நியோடைமியம் போன்ற அருமண் உலோகங்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது நியோடைமியத்துக்கும் இதே கதி, பலர் திரும்பவும் பெரைட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்பு மண்பாண்டம்தான் கைகொடுத்திருக்கிறது.

02.07.2023

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மத்தியானம் தகரக் கொட்டகைக்குள் கை வைக்க முடியாத சூடு. இந்த நேரத்தில்தான் “காலையில் நல்லாயிருந்தது, பின்னேரம் சத்தம் சோர்ந்துபோச்சு” என்று பெட்டிகள் வரும். காரணம் காந்தம். பெரைட் ஒரு பாகை சூடேற 0.2 சதவீதம் புலத்தை இழக்கிறது. 50 பாகை ஏறினால் 10 சதவீதம். ஆறினால் திரும்ப வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

03.07.2023

நேற்று எழுதியது அரைகுறை. இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 10 சதவீதம் என்பது சத்தத்தின் அளவில் 1 டெசிபெல்கூட வராது. அதைக் காது சோர்வென்று சொல்லாது. உண்மையான குற்றவாளி கொயில். வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் கொடுத்தால் ஒரு வாட் அளவுதான் சத்தமாக வெளியே வரும், மிச்சம் முழுக்கச் சூடு. செம்புக் கம்பி 180 பாகை சூடேறினால் அதன் தடை 70 சதவீதம் கூடுகிறது. அதே வோல்டேஜுக்குக் கரண்ட் 40 சதவீதம் அளவில் குறையும். சத்தம் 4 டெசிபெலுக்கு மேல் இறங்கிவிடும். அப்போது ஆபரேட்டர் வொல்யூமை இன்னும் ஏற்றுகிறார், கொயில் இன்னும் கொதிக்கிறது, கடைசியில் கருகின வாசத்தோடு என் மேசைக்கு வருகிறது.

காந்தத்தின் பங்கு இங்கே வேறு விதம். புலம் பலமாக இருந்தால் அதே சத்தத்துக்குக் குறைந்த வாட் போதும், ஆகவே சூடும் குறைவு. மெலிந்த காந்தத்தை அம்ப்ளிபயரால் ஈடுகட்டப் போனால் கொயில்தான் பலி.

கிண்ணியா நானாவுக்கு ஒரு சேதி. நியோடைமியத்தில் சாதாரண ரகம் 80 பாகைக்கு மேல் போனால் புலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும். பல ஸ்பீக்கர்களில் அந்தக் காந்தம் கொயிலுக்கு உள்ளேயே, சூட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிகளை வெயிலில் காய விடாதீர்கள். ஒரு விழா முடிந்ததும் உடனே மூடிக் கட்டாமல் ஆற விடுங்கள்.

08.07.2023

உப்பு. என் கடை கடலிலிருந்து இரண்டு தெரு. திருகோணமலையில் ஸ்பீக்கர் சாவது சத்தத்தால் பாதி, உப்பால் பாதி.

பெரைட் துருப்பிடிக்காது. அது ஏற்கெனவே ஒக்சைட், அதற்குமேல் துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் இருபக்கத் தட்டும் இரும்பு. இடுக்குக்குள் துரு பொரிந்து எழும்பினால் கொயில் கரகரக்கும். நான் செய்வது இது: கோனைக் கழற்றியபின் மறைப்பு டேப்பை, பசை வெளிப்பக்கம் வர, ஒரு எக்ஸ்ரே படத் துண்டில் மடித்து ஒட்டி, இடுக்குக்குள் இறக்கிச் சுற்றிக்கொண்டு வருவேன். துருத்தூள் காந்தத்தோடு மல்லுக்கட்டும், ஊதினால் போகாது, டேப்பில்தான் வரும். பத்துப் பதினைந்து தடவை. டேப் வெள்ளையாகவே வரும்வரை விடமாட்டேன். திரும்பக் கொயிலை இறக்கும்போது அதே எக்ஸ்ரே படத்தில் வெட்டிய நாலு கீலத்தைச் சுற்றிவரச் செருகி நடுவில் நிறுத்துவேன். பசை காய்ந்தபின் உருவிவிடலாம். மருத்துவமனைகளில் எல்லாம் கம்ப்யூட்டர் படமாகி, பழைய எக்ஸ்ரே கிடைப்பது இப்போது கஷ்டம். வைத்திருப்பவர்கள் எறியாமல் தாருங்கள்.

நியோடைமியத்துக்கு நிக்கல் முலாம் பூசி வருகிறது. முலாம் ஒரு இடத்தில் கீறுப்பட்டாலும் உப்புக்காற்று உள்ளே போய்க் காந்தத்தைச் சாம்பல் தூளாக்கிவிடும். நிலாவெளிப் பக்கமிருந்து வந்த ஒரு ட்வீட்டரை, அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரைத் திறந்தபோது காந்தம் விரலில் உதிர்ந்தது.

15.07.2023

பிள்ளைகள் கழித்த ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கடற்கரையில் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுமணல் மயிர் சிலிர்த்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் புல்மோட்டையில் அள்ளுகிற இல்மனைட் என்ற கனிமம்.

16.07.2023

இல்லை, தவறு. புல்மோட்டைப் பக்கம் ஆசிரியராக இருக்கும் அக்கா ஒருவர் திருத்தினார், நன்றி. அங்கேயிருந்து மச்சான் ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்த மணல் வீட்டில் இருந்தது. வெள்ளைத் தாளில் பரப்பிப் பெரைட் காந்தத்தை மேலே பிடித்தேன். ஒரு சின்னப் பங்கு மட்டும் துள்ளி ஒட்டியது. அது மக்னடைட் என்ற இரும்புக் கனிமம். பெரும்பாலான கறுப்பு அசையவேயில்லை. பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய நியோடைமியத் துண்டைப் பிடித்தேன். அசையாமல் கிடந்த கறுப்பு மெல்ல நகர்ந்து மேலே வந்தது. அதுதான் இல்மனைட், காந்தத்துக்கு மெதுவாகத்தான் இணங்கும். ஆலையிலும் அப்படித்தான், லேசான காந்தத்தால் மக்னடைட்டை எடுத்துவிட்டுப் பலமான காந்தத்தால் இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள்.

அக்கா சொன்ன இன்னொன்று இரவு முழுக்க மனதில் ஓடியது. அந்த மணலில் மொனசைட் என்ற கனிமமும் கொஞ்சம் உண்டு. மொனசைட்டுக்குள் இருப்பவற்றில் நியோடைமியமும் ஒன்று. நம் மாவட்டத்து மணலிலேயே அந்த உலோகம் கிடக்கிறது என்பதை இத்தனை வருடம் ஸ்பீக்கர் திருத்தியும் அறியாமல் இருந்திருக்கிறேன்.

22.07.2023

திருக்கடலூர் மீனவர் ஒருவர் வந்தார். படகில் பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர் பூட்டியதிலிருந்து கொம்பாஸ் பிழைக்கிறது என்று சந்தேகம். போய்ப் பார்த்தேன். பலகைக்கு மேலே கொம்பாஸ், அதே பலகைக்கு நேர் கீழே 6 அங்குல ஸ்பீக்கர். கழற்றி முன்னும் பின்னும் நகர்த்த, முள்ளும் கூடவே திரும்பியது. பெரைட் வளையம் வெளியே நிறையப் புலத்தைச் சிந்தும். பழைய கலர் டீவிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் திரையில் நிறம் திட்டுத்திட்டாக வந்ததும் இதனால்தான். அந்தக் காலத்து டீவி ஸ்பீக்கர்களுக்கு எதிர்க்காந்தம் ஒட்டி இரும்புக் குவளையால் மூடுவார்கள்.

இவருக்கு நான் மூடி செய்து கொடுக்கவில்லை. ஸ்பீக்கரை முள் அசையாத தூரத்துக்கு, பின்னணியத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டேன். ஜி.பி.எஸ். இருக்கிறதுதானே என்று கூட நின்ற தம்பி கேட்டான். பற்றரி இறங்கின இரவில் கையில் மிஞ்சுவது கொம்பாஸ்தான். படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உங்கள் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

29.07.2023

உப்புவெளித் தம்பி ஸ்பீக்கரோடு வந்தார். அளந்ததில் மொத்தக் கியூ 0.31. பழைய பொக்ஸ் உள்ளளவு 80 லீட்டர், மூடினது. உள்ளே பலகை அடித்து 55 லீட்டராக்கி, 4 அங்குல பி.வி.சி. குழாய் 20 சென்ரிமீட்டர் வெட்டிப் பொருத்தினோம். 40 ஹேர்ட்ஸில் குழாய் பேசத் தொடங்குகிறது. தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நெஞ்சில் வந்து நிற்கிறது. காந்தத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை தம்பி.

19.08.2023

மாமாவின் ஸ்பீக்கர் வந்துவிட்டது. ஜூன் 17ஆம் தேதிப் பதிவைப் படித்த ஒருவர், கொழும்பில் காந்தம் ஏற்றும் இயந்திரம் வைத்திருப்பவர், அனுப்பச் சொன்னார். ஸ்பீக்கரைப் பிரிக்கவேயில்லை. பூட்டியபடியே தடித்த கம்பிச் சுருளுக்குள் வைத்து, கப்பாசிற்றர் வரிசையில் சேர்த்த மின்சாரத்தை ஒரே அடியாக விட்டிருக்கிறார். கணத்துக்கும் குறைவான வேலை.

பார்சலைப் பிரித்ததும் முனைகளை வயரால் தொடுத்துக் கோனை அமத்தினேன். பிடித்துக்கொண்டது.

மாமா இல்லை. ரேடியோவை மாமியின் மேசையில் வைத்து, பின்னாலுள்ள, கிராமபோன் பூட்டும் பிக்கப் முனையில் போனைக் கொடுத்து நாதஸ்வரம் போட்டேன். குமிழை வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்திருந்தேன். குசினிக்குள்ளிருந்து மாமி ஓடிவந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.